நிலக்கரிக் கப்பலில் மூச்சடக்கி இறங்கியவர்

இரண்டு பேரும் தூங்குவது போலத்தான் கிடந்தார்கள்.

கப்பலின் சரக்கு அறை அது. துறைமுகத்தில் எல்லாரும் ஹேட்ச் என்பார்கள். மேலிருந்து எட்டிப் பார்த்தால் பெரிய கிணற்றுக்குள் பார்ப்பது போலிருக்கும். அடியில் நிலக்கரி. பாதி மட்டும் திறந்திருந்த மூடி வழியே விழுந்த வெயில், பாய் விரித்தாற்போல அவர்கள் மேல் கிடந்தது. ஒருவர் சட்டையின் நீலம்கூடத் தெரிந்தது.

ரத்தம் இல்லை. புகை இல்லை. நாற்றம் இல்லை. எது அவர்களைச் சாய்த்தது என்று காட்ட அங்கே எதுவுமே இல்லை.

மேல்தளத்தில் கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. "ஏலே முத்தையா! ஏலே ராயப்பா!" கீழே அசைவில்லை. உள்ளே இறங்கும் இரும்பு ஏணியின் வாயில் ஒல்லியான ஒரு மனிதர் இரண்டு கைகளையும் விரித்து, இரண்டு பக்கக் கம்பிகளையும் பிடித்து நின்றார். சட்டைக் காலரின் பின்னால் மாட்டிய குடை முதுகில் தொங்கியது. அவரைத் தள்ளிவிட்டு இறங்கத் துடித்த ஆட்களில் பாதிப் பேர் அவரைவிட இரண்டு மடங்கு பெரியவர்கள்.

"ஒருத்தனும் எறங்கக் கூடாது," என்றார் அவர். "எறங்குனா மூணாவது ஆளா அங்கனயே படுப்பீங்க."

அவர்தான் தொழிலாளர் பாதுகாப்பு இன்ஸ்பெக்டர் சிவஞானம். அன்று அவருக்குக் கிடைத்த வசவுகளை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

திரேஸ்புரத்துக் கொட்டகை

நான் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்த கதையைப் போன வாரம் சொல்லிவிட்டேன். வந்த வேலையைச் சொல்லவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. புதுத் துறைமுகத்தில் சிமென்ட் வாசனைகூட இன்னும் போகாத காலம். மருத்துவப் படிப்பை முடித்த கையோடு, மூச்சடக்கிக் கடலடியில் சங்கு குளிப்பவர்களின் காதையும் நுரையீரலையும் பற்றிய ஓர் ஆய்வுக்கு என்னை அனுப்பியிருந்தார்கள். எங்கள் பேராசிரியர் சென்னையிலேயே இருந்துகொண்டார். கடற்கரையும் கருவிகளும் என் பொறுப்பு.

திரேஸ்புரத்தில் வலை போட்டு வைக்கும் ஓலைக் கொட்டகை ஒன்றை எனக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். நடுவில் என் மூச்சளவுக் கருவி. தண்ணீர் நிரப்பிய தகர உருளை, அதற்குள் கவிழ்த்து வைத்த இன்னொரு உருளை. ரப்பர் குழாயில் ஊதினால் உள்ளுருளை எழும்பும். அதோடு சேர்ந்த பேனா, சுற்றும் காகிதத்தில் கோடு இழுக்கும். ஊதியவர் நெஞ்சுக்குள் எவ்வளவு காற்று இருந்தது என்பது அந்தக் கோட்டில் தெரியும்.

முதல் நாள் யாரும் வரவில்லை. இரண்டாம் நாள் இன்னாசி வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். உயரம் அதிகமில்லை. தோளும் நெஞ்சும் மட்டும் வேறு யாரோ பெரிய மனிதரிடம் இரவல் வாங்கியவை போல இருந்தன. கழுத்தில் சிலுவை கோத்த கறுப்புக் கயிறு. கண் எப்போதும் சிவந்திருக்கும். உப்புத் தண்ணீர் செய்த வேலை.

ஊதச் சொன்னேன். ஊதினார். உள்ளுருளை எழும்பிற்று, எழும்பிக்கொண்டே இருந்தது. பேனா காகிதத்தின் மேல் விளிம்பைத் தாண்டி வெறும் தகரத்தில் கோடு போட்டது. உருளை சாய்ந்து தண்ணீர் என் புடவையெல்லாம் கொட்டியது.

"ஒடைச்சிட்டனோ, டாக்டரம்மா?" என்று கேட்டார். அவர் முகத்தில் உண்மையான கவலை இருந்தது.

உடையவில்லை என்றேன். புத்தகத்தில் நுரையீரலின் படத்தை எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். மனித உடம்புக்குள் அது இவ்வளவு பெரிய வீடாக இருக்கும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

அதன் பிறகு கொட்டகை வாசலில் வரிசை நின்றது. உருளையை யார் அதிகம் எழுப்புவது என்று பந்தயம்கூட வைத்தார்கள். ஆனால் காதுக்குள் விளக்கடித்துப் பார்க்கும்போது அந்தச் சிரிப்பு நின்றுவிடும். பலருக்குச் செவிப்பறையில் ஓட்டை. சிலருக்கு ஓட்டை ஆறி வெள்ளைத் தழும்பு. கடலடியில் தண்ணீர் அழுத்துகிற அழுத்தத்தில் கிழிந்தவை. பலருக்கு அது எந்த வருஷம் கிழிந்தது என்பதுகூட நினைவில்லை.

கயிறு யார் கையில்

குளிப்பவர் காலில் கல்லைக் கட்டித்தான் கீழே போவார். இடுப்பில் இன்னொரு கயிறு. அதன் நுனி படகில் இருப்பவர் கையில். கீழிருந்து ஒரு சுண்டு சுண்டினால் மேலே இழுத்துவிட வேண்டும். கடலுக்குள் இருப்பவனுக்கு அந்தக் கை ஒன்றுதான் உலகத்தோடு தொடர்பு.

அந்தக் கயிற்றை மச்சினன் கையில் கொடுப்பதுதான் அங்கே வழக்கம். ஏன் என்று கேட்டதற்கு இன்னாசியின் மனைவி சிரித்துக்கொண்டே சொன்ன விளக்கம் இது: கூடப்பிறந்தவனுக்குப் பங்கு ஆசை வரலாம், சேக்காளிக்குக் கவனம் தப்பலாம், அக்கா தாலியைக் கையில் பிடித்திருக்கிற தம்பிக்குத் தூக்கமே வராது.

அந்தத் தம்பிதான் ராயப்பன். அவனும் முதலில் குளித்தவன். இளம்வயதிலேயே இரண்டு காதும் கிழிந்து சீழ் வைத்தது. பிறகு சில வருஷம் படகிலேயே இருந்து அத்தானுக்குக் கயிறு பிடித்தான். புதுத் துறைமுகம் வந்ததும் அங்கே சரக்கு இறக்கும் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவனைக் கொட்டகையில் உட்கார வைத்துக் காதைத் துடைத்து மருந்து போட்டேன். புது வேலை எப்படி என்று கேட்டேன். சத்தமாகக் கேட்க வேண்டியிருந்தது.

"கரை வேலைல மூச்சுக்குப் பஞ்சமில்லல்லா," என்றான்.

உப்பளத்து வெயில்

சிவஞானம் சாரை நான் முதலில் பார்த்தது ஆறுமுகநேரி உப்பளத்தில். சைக்கிளில் வந்திருந்தார். கண் கூசிக் கூசிப் பார்வை மங்கிய தொழிலாளிகளைப் பரிசோதிக்க ஒரு டாக்டர் வேண்டும் என்று கேட்டு என்னை வரவழைத்தவர் அவர்தான்.

உப்பள முதலாளி நல்ல மனிதர். எங்களுக்கு இளநீர் வெட்டச் சொன்னார். தொழிலாளிகளுக்கு நிழல் கொட்டகை ஏன் இல்லை, குடிக்க நல்ல தண்ணீர் ஏன் இல்லை என்று சிவஞானம் கேட்டதற்கு, "அவங்களுக்கு அதெல்லாம் பழகிரும் சார்" என்றார்.

சிவஞானம் மறுத்துப் பேசவில்லை. "வாங்க அண்ணாச்சி, நடந்துக்கிட்டே பேசுவோம்" என்று அவரைப் பாத்தி வரப்புக்கு அழைத்துக்கொண்டு போனார். உச்சி வெயில். நாலா பக்கமும் உப்பு. கண்ணாடித் தூளைக் கொட்டி வைத்தது போல வெளிச்சம் கீழேயிருந்தும் அடிக்கிறது. அங்கே நின்றுகொண்டு மழை எப்படி, ரயில்வே வேகன் கிடைக்கிறதா, மகளுக்கு மாப்பிள்ளை அமைந்ததா என்று நிதானமாக விசாரித்தார். முதலாளி முதலில் கையால் கண்ணை மறைத்தார். பிறகு துண்டால் மறைத்தார். பிறகு, "சார், கொட்டகைக்குப் போயிருவோமே" என்றார்.

"எந்தக் கொட்டகைக்கு அண்ணாச்சி?" என்றார் சிவஞானம்.

அடுத்த மாதம் நான் போனபோது வரப்பில் ஓலைக் கொட்டகையும் இரண்டு பானைத் தண்ணீரும் இருந்தன.

அவர்தான் ஒருநாள் என்னிடம் நிலக்கரிக் கப்பலைப் பற்றிச் சொன்னார். மூடிய அறைக்குள் பல நாள் கிடக்கும் கரி, அங்குள்ள பிராணவாயுவைத் தானே தின்றுவிடும். மிச்சமிருப்பதும் காற்றுதான், மணமில்லை, நிறமில்லை, தொண்டையில் எரிச்சலில்லை. அதற்குள் இறங்குகிறவனுக்கு மூச்சு முட்டக்கூடச் செய்யாது. இரண்டு மூச்சு இழுப்பான், கால் மடங்கும், அவ்வளவுதான். சொல்லிவிட்டு, கரித்தூள் தொழிலாளிகளின் நெஞ்சை என்ன செய்கிறது என்றும் பார்க்க வேண்டும், உங்கள் கருவியைக் கொஞ்ச நாள் துறைமுகத்துக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். அப்படித்தான் என் தகர உருளை திரேஸ்புரத்திலிருந்து மாட்டுவண்டியேறித் துறைமுகத்துக் கொட்டகைக்குப் போனது.

ஏணி வாயில்

அன்று கடல் கலங்கியிருந்ததால் சங்கு குளிப்பு இல்லை. இரண்டாம் முறை ஊதிக்காட்ட வரச் சொல்லியிருந்தபடி இன்னாசி துறைமுகத்துக் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் சத்தம் கேட்டது. பையைத் தூக்கிக்கொண்டு நான் ஓட, அவரும் பின்னால் ஓடி வந்தார்.

நடந்தது இது. கரி அள்ளும் வாளியின் சங்கிலி ஒன்று ஏணியடியில் விழுந்து மாட்டிக்கொண்டது. மூடி முழுதாகத் திறக்கும் முன்பே, அதை எடுத்து வரச் சொல்லி மேஸ்திரி ராயப்பனை இறக்கியிருக்கிறார். அவன் விழுந்ததைப் பார்த்து, வழுக்கிவிட்டான் என்று நினைத்து, கூட வேலை செய்த முத்தையா இறங்கியிருக்கிறார். பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்துக்காரர், நாலு குழந்தைக்குத் தகப்பன். ராயப்பனைத் தூக்கக் குனிந்தவர் அப்படியே அவன் மேல் சாய்ந்துவிட்டார். மூன்றாவது ஆள் காலை வைக்கும்போதுதான் பக்கத்துக் கப்பலிலிருந்து ஓடிவந்த சிவஞானம், உள்ளே மூச்சுவிடக் காற்றில்லை என்று கத்தியபடி அவரைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்திருக்கிறார்.

துறைமுகத்தில் முகத்தில் மாட்டிக்கொண்டு இறங்கும் மூச்சுக் கருவி ஒன்று இருந்தது. அதை எடுத்துவர ஜீப் போயிருந்தது. மிச்ச மூடியைத் திறக்கப் பலகைகளை இழுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் நடந்துகொண்டுதான் இருந்தது. கீழே கிடந்தவர்களுக்கு அவ்வளவு நேரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். சிவஞானத்துக்கும் தெரியும். அவர் உதடு வெளுத்திருந்தது. ஆனாலும் கம்பியைப் பிடித்த கை நகரவில்லை. இரண்டு உயிர் போவதை நின்று பார்ப்பது, மூன்றாவது உயிரை அனுப்புவதைவிடக் கடினம் என்பதை அன்றுதான் ஒரு மனிதரின் முகத்தில் பார்த்தேன்.

இன்னாசி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கீழே பார்த்தார். நீலச் சட்டை அவர் மச்சினனுடையது.

"உள்ள மூச்சு விட்டாத்தானய்யா சாவான்?" என்று சிவஞானத்திடம் கேட்டார்.

சிவஞானம் அவரைப் பார்த்தார். நான், "அவர் குளிக்கிறவர் சார்" என்றேன். தண்ணீர் உடம்பைத் தாங்கச் சங்கு பொறுக்குவது வேறு, கரி மேல் நின்று ஆளைக் கட்டித் தூக்குவது வேறு; வேலை செய்தால் மூச்சு பாதியிலேயே தீரும் என்பது எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். இன்னாசி அதற்குள் சட்டையைக் கழற்றிவிட்டார்.

இடுப்பில் ஒரு கயிறு கட்டினார். காலுக்கு வளையம் போட்ட இன்னொன்றை நாலைந்து பேரிடம் கொடுத்தார், கடலில் கல்லை இறக்குவது போலத் தன்னை இறக்கச் சொல்லி. ஆளைக் கட்டித் தூக்க மூன்றாவது. பிறகு இடுப்புக் கயிற்றின் நுனியைச் சிவஞானத்திடம் நீட்டினார்.

"என் கயித்தப் பிடிக்கிறவன் கீழ கெடக்கான்," என்றார். "நீங்க பிடிங்க."

சிவஞானம் ஏணியை விட்டார். கயிற்றை வாங்கி மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். "ஒரு சுண்டு சுண்டுனா இழுத்துருவேன். என்ன ஆனாலும் உள்ள மூச்சு விடாத" என்று மட்டும் சொன்னார்.

இன்னாசி விளிம்பில் உட்கார்ந்து கண்ணை மூடி, அவசரமே இல்லாமல் காற்றை இழுத்து விட்டார். கடைசியாக இழுத்த மூச்சில் அவர் நெஞ்சு விரிந்ததைப் பார்த்தேன். சிலுவை போட்டுக்கொண்டார். இறங்கினார்.

அவரோடு சேர்ந்து நானும் மூச்சை அடக்கினேன். என்னை அறியாமல் செய்ததுதான். அவர் கரியில் கால் வைக்கும்போதே என் மூச்சு திணறிற்று. விட்டுவிட்டு மறுபடி அடக்கினேன். அதுவும் தீர்ந்தது. அவர் குனிந்து மேலே கிடந்த முத்தையாவின் கக்கத்துக்கடியில் கயிறு செலுத்திக்கொண்டிருந்தார். அவர் கையில் பதற்றமே இல்லை. அவருடைய மச்சினன் அடியில் கிடந்தான். முதலில் கைக்குக் கிடைத்தவரைத்தான் கட்ட முடியும். கட்டினார்.

முத்தையா மேலே வந்தார். பின்னாலேயே இன்னாசியும். முத்தையாவுக்கு நாடி இருந்தது. மூச்சு மெலிதாக, விட்டுவிட்டு ஓடிற்று. காற்றுப் படப்பட அவரே இருமத் தொடங்கினார்.

இரண்டாம் முறை

இன்னாசி உட்கார்ந்து மூச்சு வாங்கினார். கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். ஆமாம் என்றா இல்லை என்றா தெரியவில்லை. மறுபடி இறங்கினார்.

அந்தத் தடவை யாரும் கத்தவில்லை. எங்கோ பின்னால் ஒருவர் "அருள் நிறைந்த மரியே" தொடங்க, பலர் முணுமுணுப்பாகச் சேர்ந்துகொண்டார்கள். ராயப்பன் பாதி கரியில் புதைந்திருந்தான். இன்னாசி முட்டி போட்டு அவனைப் புரட்டினார், கட்டினார், தூக்குக் கயிற்றை ஆட்டினார். ராயப்பன் தலை தொங்கியபடி மேலே எழும்பினான்.

அடுத்து இன்னாசி தன் கயிற்றைச் சுண்ட வேண்டும். சுண்டவில்லை. வளையத்தில் காலை மாட்ட முயன்றதைப் பார்த்தேன். கால் மாட்டவில்லை. அப்படியே நின்றார்.

"இழுங்கலே!" என்றார் சிவஞானம். அவரே முதலில் இழுத்தார். குடை கழன்று உள்ளே விழுந்தது. இடுப்பில் கட்டிய கயிற்றிலேயே, மடங்கிய வாக்கில், இன்னாசி மேலே வந்தார். கண் திறந்திருந்தது. வாய் இறுக மூடியிருந்தது. தளத்தில் கிடத்தி, சிவஞானம் அவர் கன்னத்தைத் தட்டி, "மேல வந்துட்ட. விடு" என்ற பிறகுதான் அந்த வாய் திறந்தது. அவர் காற்றை இழுத்த சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது.

இதையெல்லாம் நான் ஓரக்கண்ணால்தான் பார்த்தேன். ராயப்பனுக்கு மூச்சே இல்லை. வாயில் கரித்தூளைத் துடைத்துவிட்டு, வாயோடு வாய் வைத்து என் மூச்சை ஊதிக்கொண்டிருந்தேன். பொம்மையின் மேல் பயின்றதுதான். மனிதர் மேல் அதுதான் முதல் தடவை. எவ்வளவு நேரம் என்று கேட்டால் தெரியாது. என் தலை சுற்றத் தொடங்கியபோது அவன் நெஞ்சு தானாக ஒருமுறை ஏறியது. நான் ஊதுவதை நிறுத்தினேன். மறுபடி ஏறியது.

கொஞ்சம் கொஞ்சமாக முகத்தின் நீலம் போய் மண்நிறம் வந்தது. கண்ணை விழித்தவன் மேஸ்திரியைத் தேடினான்.

"சங்கிலிய இன்னும் எடுக்கல்ல," என்றான். "இப்பத்தான எறங்குனேன்."

தான் செத்துப் பிழைத்தது அவனுக்குத் தெரியவில்லை. விழுந்ததுகூடத் தெரியவில்லை. சுற்றி நின்ற பெரிய பெரிய ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்கள்.

அன்று மாலை இன்னாசியிடம் ஏன் கயிற்றைச் சுண்டவில்லை என்று கேட்டேன். சுண்ட நினைத்ததாகவும், கை சொன்னதைக் கேட்கவில்லை என்றும் சொன்னார். சுண்டாமலே இழுக்க எப்படித் தோன்றியது என்று சிவஞானத்தைக் கேட்டேன். "பயந்துட்டேம்மா" என்றார். கயிறு அறுத்த மணிக்கட்டில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"யாரும் சாகலையே?"

விசாரணை துறைமுக அலுவலகத்தின் ஒரு நீள அறையில் நடந்தது. நானும் சாட்சி. சரக்கு இறக்கும் ஒப்பந்தக்காரரின் ஆள் மடிப்புக் கலையாத சட்டையில் வந்து, ரொம்ப மரியாதையாக, யாரும் சாகவில்லையே, பிறகு குற்றம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். அதோடு, இப்படிப்பட்ட குளியாளிகள் இரண்டு பேரைத் துறைமுகத்திலேயே வேலைக்கு வைத்துக்கொள்ளத் தாங்கள் தயார் என்றும் சொன்னார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒன்றிரண்டு தலைகள் நல்ல யோசனை என்பது போல ஆடின.

இன்னாசி பேச வேண்டிய முறை இன்னும் வரவில்லை. இருந்தும் எழுந்துவிட்டார்.

"கடல்ல எறங்கையில அங்கன மூச்சு விட முடியாதுன்னு தெரிஞ்சுதான் எறங்குதேன்," என்றார். "என் மச்சினன்ட்ட யாரும் அதச் சொல்லல்லய்யா." உட்கார்ந்துவிட்டார்.

அடுத்துச் சிவஞானம் பேசினார். அந்த இரண்டு உயிரும் இன்னாசியின் மூச்சில் பிழைத்தவை, அது ஒப்பந்தக்காரரின் வரவில் சேராது என்றார். ஒப்பந்தக்காரர் தரப்பு தன் பங்குக்கு என்ன செய்தது என்பதை மட்டும் சொல்லட்டும் என்றார்.

அபராதம் பெரிதில்லை. மேஸ்திரி வேறு வேலைக்கு மாற்றப்பட்டார். ஆனால் ஓர் உத்தரவு வந்தது. மூடி முழுவதும் திறந்து, காற்றடித்து, உள்ளே இருக்கும் காற்றைச் சோதித்த பிறகே நிலக்கரிக் கப்பலில் ஆள் இறங்க வேண்டும். அதைச் செய்யாத கப்பலில் வேலையை நிறுத்தச் சிவஞானத்துக்கு அதிகாரம்.

அடுத்த நிலக்கரிக் கப்பல்

அது வந்த அன்று நான் போயிருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. பார்க்க வேண்டும் போலிருந்தது.

மூடிகள் எல்லாம் திறந்து கிடந்தன. துணிக் குழாய் வழியே காற்றாடி உள்ளே காற்றை இறைத்தது. காற்றைச் சோதிக்கச் சிவஞானம் வலைக்கூடு போட்ட ஒரு சின்ன விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினார். சுடர் பாதி தூரம் போனது. சிறுத்தது. ஒரு பொட்டாகி, அணைந்தது.

ஊதி அணைக்க அங்கே யாரும் இல்லை. பட்டப்பகல். எல்லாரும் பார்த்தோம்.

தொழிலாளிகள் பின்னுக்கு வந்து தளத்தில் உட்கார்ந்தார்கள். ராயப்பனும் முத்தையாவும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். புது மேஸ்திரி இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அவரும் உட்கார்ந்தார். சரக்குத் தூக்கும் வின்ச் நின்றது. லாரிகள் கீழே வரிசையில் நின்றன. அந்த மாபெரும் கப்பல் முழுதும், கேப்டன் முதல் கரி அள்ளுகிறவர் வரை, காற்று வரட்டும் என்று காத்திருந்தது. அப்படியொரு அமைதியை நான் கோயிலிலும் கண்டதில்லை.

விளக்கு மறுபடி இறங்கியது. மங்கிற்று, மேலே எடுத்தார்கள். வெகுநேரம் கழித்து இன்னொரு முறை. இந்தத் தடவை சுடர் அடிவரை போய், கரிக்கு மேல் நிமிர்ந்து நின்றது.

ஆட்கள் எழுந்து துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினார்கள். சிவஞானம் விளக்கைத் துடைத்து வைத்துவிட்டு அடுத்த கப்பலுக்குப் போய்விட்டார்.

நான் இருந்தேன். மதியச் சோற்றுக்குச் சங்கு ஊதியது. ஏணி வாயில் ஒவ்வொரு தலையாக முளைத்தது, பல்லும் கண்ணும் தவிர எல்லாம் கறுப்பாக. யார் வீட்டுக் குழம்பில் இன்றைக்கு என்ன மீன் என்று சத்தமாகத் தர்க்கம் செய்துகொண்டே ஏறினார்கள். இறங்கியவர்கள் அத்தனை பேரும் ஏறி வந்துவிட்டார்கள்.